ஸ்பிரிங்வெளி லொறியும் கறுத்த ஒயிலும்

காலை ஏழு மணிக்கு லொறி ஸ்பிரிங்வெளி தோட்டத்துத் தேயிலை ஆலையை விட்டுப் புறப்பட்டது. முந்தின நாள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கேட்டுவிட்டுப் பதுளை வழியாக வீட்டுக்குத் திரும்பும் நான் முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே லெட்சுமி பிரசவ வலியில் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் முத்து. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பதுளை ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் கைவிரித்திருந்தார். ஏழெட்டு மைல்தான். ஆனால் பாதை முழுவதும் வளைவு.

பாதி வழியில், மலையிலிருந்து கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்து ராடியேட்டருக்கு ஊற்ற டிரைவர் ராமையா நிறுத்தினார். அப்படியே இஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியையும் உருவினார். முகம் மாறிவிட்டது.

“முந்தாநாள்தான் புது ஒயில் ஊத்துனேன். தேன் மாதிரி இருந்துச்சு. இப்பப் பாருங்க, கரி! கடைக்காரன் ஏமாத்திப்புட்டான். இதோட ஓட்டுனா இஞ்சின் இறுகிப்போகும். தோட்டத்துத் தொரை என்னைய லயத்து வீட்ட விட்டே வெரட்டிருவாரு.”

“அண்ணே, அவளப் பாருங்கண்ணே” என்று முத்து கும்பிட்டான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தை நம்பி வாய் திறக்கலாமா என்று பயமாயிருந்தது. ஒயிலை விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

“அண்ணே, இரும்போட இரும்பு உரசாம நடுவுல நிக்கிறது மட்டும் இதோட வேலை இல்ல. சூட்டையும் வாங்கிக்குது. எரிஞ்ச கரி, பழைய அழுக்கு எல்லாத்தையும் படிய விடாம சொமக்குது. உங்க இஞ்சின் பழசு, அதான் சுருக்கா கறுத்திருச்சு. மணலா நறநறத்தா, தண்ணி கலந்து பாலா வெளுத்தாத்தான் பயப்படணும்.”

“புஸ்தகம் வண்டி ஓட்டுமா தம்பி?” ராமையா அசையவில்லை.

பெட்டிகளுக்கு நடுவிலிருந்து லெட்சுமி கத்தினாள். “துணி அலசுன தண்ணி கறுத்தா அழுக்குப் போகுதுன்னு அர்த்தம்! அந்தத் தம்பி அதத்தானே சொல்லுது? வண்டிய எடுங்கய்யா, இல்லாட்டி நானே எறங்கி ஓட்டுறேன்!”

ராமையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். அது மாறவே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் மதியம் தாண்டிப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டுப் பார்க்கப் போன ராமையாவின் ஒயில் படிந்த கையைப் பார்த்துத் தாதி விரட்டினாள். நானும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பதுளையில் மாலை ரயில் ஏறித் தெமோதரையில் இறங்கி எங்கள் லயத்துக்கு வந்தேன். தேத்தண்ணீர் நீட்டிய அம்மா என் விரல்களைப் பார்த்தாள்.

“எங்கடா போய்ப் பூசிக்கிட்டு வந்தே? சவுக்காரம் போட்டுத் தேய், போயிரும்.”

தேய்த்தேன், போய்விட்டது. சவுக்காரத்தை வாங்கி மாடத்தில் வைத்த அம்மாவின் விரல்களில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், தேயிலைக் கொழுந்து பறித்த கறை அப்படியே இருக்கிறது.