காலி வில்லை

எங்கள் பல்கலைக்கழகப் பொதுக் கருவிக்கூடத்தில் அவரை எல்லோரும் வில்லை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாவது வரை படித்தவர். நான் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் எழுத மாட்டார்.

அங்கே ஓர் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது ஒரு பொருளுக்குள் அனுப்பும். உள்ளே அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பு ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு அதிரும். எடுத்த இடத்தில், திரையில் ஓடும் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளங்களைப் பார்த்தே பொருள் என்னவென்று சொல்லிவிடலாம். அதனால் எல்லாத் துறைக்காரர்களும் எங்களைத் தேடி வருவார்கள். வேளாண் துறையிலிருந்து வயல் மண் வரும். மருத்துவமனையிலிருந்து சிறுநீரகக் கல் வரும். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் நோயாளி எதைச் சாப்பிடக்கூடாது என்று மருத்துவர் சொல்ல முடியும். மீன் வயிற்றில் கிடைத்த பிளாஸ்டிக் துணுக்கு, போலி என்று சந்தேகப்பட்ட மாத்திரை, பழைய சுவரோவியத்திலிருந்து உதிர்ந்த வண்ணச் செதில், எது வந்தாலும் முதலில் அக்காவின் கைக்குத்தான் போகும்.

மாதிரியில் கடுகளவு எடுத்து, உலர்ந்த பொட்டாசியம் புரோமைடு உப்போடு சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் கல்வத்தில் அரைத்து, அச்சில் போட்டு அழுத்துவார். கண்ணாடி போல ஒரு வில்லை வரும். சட்டைப் பொத்தானைவிட மெல்லியது. அதைத்தான் கருவிக்குள் வைக்க வேண்டும்.

அவர் அங்கே பெருக்கத்தான் வந்தார். ஒருநாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வரிசையாக நான்கு வில்லைகளை உடைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உப்பு ஈரமா இருக்கு சார். விளக்குக்கு அடியில கொஞ்ச நேரம் வைங்க. அழுத்தினதும் திறந்துடாதீங்க, நூறு எண்ணுங்க" என்றாராம். இரண்டு வருடம் பெருக்கிக்கொண்டே பார்த்திருக்கிறார். மறுவாரமே அச்சு அவர் கைக்கு வந்துவிட்டது. பதவியின் பெயர் மட்டும் 'துப்புரவுப் பணியாளர், தற்காலிகம்' என்றே இருந்தது. "அதுவும் சரிதானே, நாள் பூரா கல்வத்தத்தானே துடைக்கிறேன்" என்று சிரிப்பார்.

நான் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்த முதல் நாள், கருவியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மூச்சு!" என்று அதட்டினார்.

"என்னக்கா?"

"நீ விடற மூச்சும் அதுல பள்ளமா விழும். பேசணும்னா வெளிய போய்ப் பேசி முடிச்சுட்டு வா. மிஷினு ஒட்டுக் கேக்குது."

தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு காலி வில்லை செய்வார். அதில் மாதிரி எதுவும் இருக்காது, வெறும் உப்புதான். அதை வைத்தால் கோடு பள்ளமில்லாமல் ஓட வேண்டும். ஓடினால் கல்வமும் கையும் சுத்தம் என்று அர்த்தம். அதன் பிறகுதான் மற்ற வேலை.

முதல் உதவித்தொகையில் இரண்டு கைக்களிம்புக் குழாய்கள் வாங்கினேன். ஒன்று, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற என் அம்மாவுக்கு. "இதத் தடவிக்கிட்டு வேலை செஞ்சா தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் ஒட்டும்டா" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். இன்னொன்று அக்காவுக்கு. மாதிரிக்கு மாதிரி கல்வத்தை அசிட்டோனால் துடைத்து அவர் விரல்கள் வெடித்திருந்தன. கையுறை போட்டால் அசிட்டோன் பட்டுப் பிசுபிசுத்துவிடும்.

குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி மணக்குதே! வேலை நேரத்துல போடலாமா தம்பி?"

"தாராளமா போடுங்கக்கா" என்றேன். வேதியியலில் முதுகலை முடித்த நான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் தொல்லியல் பேராசிரியர் வந்தார். நாங்கள் வைத்த பெயர் பானை மேடம். பூமிக்கடியிலிருந்து எடுத்த முப்பத்திரண்டு பானை ஓடுகள். உட்புறம் சுரண்டிய தூளில் கொழுப்பின் தடயம் இருக்கிறதா, அந்தப் பானைகளில் என்ன சமைத்தார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே வாரத்தில் தெரிய வேண்டும்.

"அக்கா, இந்தக் காலி வில்லைக்கே தினம் அரைமணி நேரம் போகுது. இந்த வாரம் மட்டும் விட்டுருங்க."

"விடக்கூடாது தம்பி."

"நான் பாத்துக்கறேன்கா."

விட்டுவிட்டார். படித்தவன் சொல்கிறான் என்று.

ஏறக்குறைய எல்லா ஓடுகளிலும் ஒரே மாதிரி மூன்று பள்ளங்கள் விழுந்தன. கொழுப்பின் பள்ளங்கள். "ரெண்டாயிரம் வருஷத்துக் கொழுப்புடா!" என்று பானை மேடம் குதிக்காத குறை. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் மூன்றாவது பெயர் என்னுடையது. சந்தையில் மூட்டை தூக்கும் என் அப்பா அதன் முதல் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் காட்டினார்.

வெளியிடுவதற்கு முன் இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்த யாரோ ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். காலி வில்லையின் கோடு எங்கே?

அக்கா உடனே ஒன்று செய்து தந்தார். கருவியில் வைத்தேன். வெறும் உப்பில் அதே மூன்று பள்ளங்கள். அச்சுக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்த களிம்புக் குழாய் கிடந்தது. களிம்பும் கொழுப்புதான். அக்கா திரையைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"இது நம்ம கை தம்பி" என்றார். நீ கொடுத்த களிம்பு என்று சொல்லவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் அறையில் பானை மேடம் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் என்னைக் கேட்டார்.

"வில்லை செஞ்சது யாரு?"

"அவங்கதான் சார்."

"கையுறை போட்டிருந்தாங்களா?"

"இல்ல சார்."

இரண்டும் உண்மை. களிம்பு யார் கொடுத்தது, காலி வில்லையை யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாலைக்குள் அக்காவைக் கீழ்த்தளத்தில் குடுவை கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்று வாரம் அந்தப் படிக்கட்டுப் பக்கமே நான் போகவில்லை. நான் செய்த வில்லைகள் எல்லாம் கண்ணாடியாக வராமல் வெளுத்தன. நூறு எண்ணத் தொடங்கினால் இருபதிலேயே அவர் முகம் வந்து நிற்கும். கடைசியில் ஒரு மத்தியானம் இறங்கிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தார்.

"வாங்க சார். உக்கார நாற்காலி இல்ல."

"அக்கா, என்ன சாருங்கறீங்க?"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். களிம்பு கொடுத்தது நான், வேலை நேரத்தில் போடச் சொன்னது நான், காலி வில்லை வேண்டாம் என்றது நான், தலைவர் முன்னால் வாயை மூடிக்கொண்டதும் நான்.

ஒரு குடுவையைக் கவிழ்த்துவைத்தார். "எனக்குத் தெரிஞ்ச கதைய எனக்கே சொல்றீங்களே? தெரியாதவரு மூணாவது மாடியில இருக்காரு."

"எங்கப்பா அந்தப் பேப்பர..."

"எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல, எங்கம்மா மிஷின் வேலை பாக்கறாங்கன்னு பீத்திக்கிட்டிருந்தா. இப்ப என்னான்னு சொல்றதும்மாங்கறா. நீங்க படிச்சவங்க, நல்லா எழுதுவீங்க. ஒரு பதில் எழுதிக் குடுங்க, படிச்சுக் காட்டறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடி ஏறினேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார் தலைவர்.

நீங்கள் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "பயம் சார்."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அக்கா அச்சுக்குத் திரும்பினார், அதே பழைய பதவிப் பெயரோடு. ஓடுகளைப் புதிதாகச் சுரண்டி, மறுபடி முப்பத்திரண்டு வில்லைகள் செய்தார். ஐந்தில் மட்டும் கொழுப்பு இருந்தது. அந்த ஐந்தை வைத்துப் பானை மேடம் வேறு கட்டுரை எழுதினார். அதில் என் பெயர் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் பழைய பக்கம் இன்னும் இருக்கிறது. வியர்வையில் நைந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

இப்போதும் காலையில் முதல் வேலை காலி வில்லைதான். கோட்டை அச்செடுத்து, தேதி போட்டு, என் முன்னால் வைப்பார். நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதிரியைத் தொடுவார். பழைய மாதிரியே சிரிக்கிறார், கேலி பேசுகிறார், புதிதாகச் சேர்ந்த பையனைத் தம்பி என்று கூப்பிடுகிறார்.

நேற்று மருத்துவமனையிலிருந்து ஒரு கல் வந்தது. நான் மூடியைத் திறந்தேன். பின்னாலிருந்து அவர் குரல், தணிந்து, மரியாதையாக:

"சார், மூச்சு."

அடக்கிக்கொண்டேன்.