சிவப்புக் கண் வைக்காத யானை

1. சுவர்

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளி நூலகத்தில் நான் வரைந்துகொண்டிருந்த படத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகத் தலைமையாசிரியை சனிக்கிழமை காலை போனில் சொன்னார். உடனே பஸ் ஏறினேன்.

காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் லேபிள் ஆர்ட்டிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கதைகளில் கெட்ட பெயர் வாங்கிய விலங்குகளை ஒரே சுவரில் புது மாதிரியாக வரைய வேண்டும் என்பது வேலை. ஐந்து பேரை எடுத்துக்கொண்டேன். குரங்கின் ஈரலுக்கு ஆசைப்பட்ட முதலை, மீன்களை ஏமாற்றிய கொக்கு, நண்பர்களைப் பிரித்த நரி, சாமியார் வேஷம் போட்ட பூனை, குருவிக்கூட்டை மிதித்த யானை. ஐவரும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்க வந்தாற்போல் அமைத்தேன். யானையின் தூக்கிய காலுக்குக் கீழே கூடு. அதில் மூன்று முட்டை.

பிரைமர் இரண்டு கோட் அடித்தும் சுவர் ஓதம் காக்குமோ என்று கவலை. முதலையின் பற்களைத் தினமும் எண்ணிப் பார்த்தேன். இப்படி ஒரு வம்பு வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

2. பெரியவர்

அந்த நூலகக் கட்டடத்தைத் தன் செலவில் கட்டிக்கொடுத்தவர் குப்புசாமி. வாழையும் பாக்கும் போட்டிருக்கும் விவசாயி. படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க ஆர்ட்டிஸ்ட்டு, நம்ம பெரியவரை இப்படிப் பண்ணிப்போட்டீங்களே?"

யானையைத்தான் சொன்னார். அடிவாரத்தில் பலர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"போன மாசம் உங்க வாழையவே மிதிச்சுதுன்னு டீச்சர் சொன்னாங்களே?"

"மெதிச்சுதுங்க. பாதித் தோட்டம் போச்சு. அதுக்காக இந்தக் கண்ணா? சந்தையில மாமூல் கேக்கற ரவுடியாட்ட மொறைக்குது."

"வில்லன்னா அப்படித்தானுங்க பாக்கோணும்."

"நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"கோயில்ல பாத்திருக்கேன்."

"அது ஆசீர்வாதம் பண்றதுங்க. நாங் கேட்டது வேற."

தலைமையாசிரியை குறுக்கே வந்தார். "சார், யானையை மட்டும் அழிச்சுட்டு ஒரு மரம் போட்டுடலாமா?"

"மாட்டேனுங்க டீச்சர். முட்டை ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். குருவிகிட்டப் போய், மரம் மிதிச்சுருச்சுன்னு சொல்றதுங்களா?"

குப்புசாமி சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "திங்கக்கெழம சுண்ணாம்படிக்க ஆள் வாரான். அந்தக் கண்ணு இருந்துச்சுன்னா சுவரே வெள்ளதானுங்க."

"சரிங்க. அது உங்க வாழைய மிதிக்கறப்ப எங்க பாத்துச்சு?"

"வாழைத்தாரைப் பாத்துட்டே நடந்துச்சுங்க. தகரத்தத் தட்டுனேன், கத்துனேன். நான் ஒருத்தன் நிக்கறதே அதுக்குத் தெரியாதாட்ட இருந்துச்சு."

3. கண்

அச்சகத்தில் எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்த வழக்கம் ஒன்று உண்டு. "கெட்டவன்னா கண்ணுல ஒரு பொட்டு செவப்பு வெச்சுபோடு, வாங்கறவனுக்குப் புரியோணும்." லேபிளில் அது சரி. தீப்பெட்டி அளவுக்குத்தான் இடம். சுவரிலும் ஐவருக்கும் அதையே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சிவப்பை எடுத்தேன். யானையின் கண்ணைப் பழுப்பாக்கி, மேலே ஒரு வாழைத்தார் வரைந்து, பார்வையை அதற்குத் திருப்பினேன். காலைத் தொடவில்லை. பிறகு மற்ற நால்வரும் கோமாளிகளாகத் தெரிந்தார்கள். அவர்களின் சிவப்பையும் எடுத்தேன். கொக்கு மீனைப் பார்த்தது, பசியாக. பூனை கண்ணை மூடிக்கொண்டது. இப்போதுதான் எனக்கே அவர்களிடம் பயம் வந்தது.

திங்கட்கிழமை குப்புசாமி சுவருக்குப் பக்கத்தில் வந்து யானையின் கண்ணைப் பார்த்தார்.

"அதேதானுங்க. எங்க தோட்டத்துக்கு வந்ததேதான்."

பிறகு குனிந்து முட்டைகளைப் பார்த்தார். "இந்தக் கால் எறங்குமுங்களா?"

"எறங்குமுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் வாளியோடு நின்ற ஆளைப் பார்த்து, "ஏப்பா, நீ போய் காம்பவுண்டு சுவத்துக்கு அடி" என்றார்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வில்லனுக்குக் கண் எழுதுவதற்கு முன்னால், அவன் எதைப் பார்க்கிறான் என்று நாலு பேரிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னால் கண்ணை மாற்றுங்கள். மிதிக்கிற காலை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.