லீலா சித்தியின் கேஸ் ஓவன்

மரப்பெட்டியின் ஆணிகளைக் கடப்பாரை நெம்பியபோது எழுந்த 'கிரீச்' சத்தத்தில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அட்டையையும் பஞ்சையும் விலக்கியதும், புது இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனையோடு வெள்ளை வெளேரென்று வெளிப்பட்டது அந்தக் கேஸ் அடுப்பு. வளைகுடா நாட்டில் நர்ஸாக வேலைபார்த்த லீலா சித்தி, விடுமுறைக்கு வருவதற்கு முன்பே கப்பலில் போட்டு அனுப்பியிருந்தாள். மேலே பர்னர்கள், கீழே கண்ணாடிக் கதவு வைத்த ஓவன். அதுவரை எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக் என்றால், மாவைத் தட்டில் ஊற்றி பேக்கரிக்குச் சுமந்துபோய், அவர்கள் ரொட்டி சுட்டு முடிக்கும்வரை காத்துக்கிடந்து வாங்கி வருவதுதான். இந்த வருஷம் எங்கள் வீட்டிலேயே கேக்! ஐந்தாம் வகுப்பில் படித்த எனக்கு, பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே இல்லை.

சித்தி வந்து இறங்கியதுமே சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். "தீக்குச்சி முதல்ல, திருகு பொறவு. திருகத் தொறந்துட்டு தீப்பெட்டியத் தேடினியன்னா உள்ள பூரா கேஸ் ரொம்பிக் கிடக்கும், பத்த வச்சா டமார்தான்" என்று அம்மாவிடம் நாள் முழுக்கச் சொன்னாள். பள்ளிக்கூட டீச்சரான அம்மாவுக்குத் தங்கையிடம் பாடம் கேட்பது பொறுக்கவில்லை. "ஊருக்கே பாடம் எடுக்கவ நான், நீ எனக்கு எடுக்கியா?" என்று சிரித்தாலும், குச்சியைக் கொளுத்தி ஓவனின் அடியிலிருந்த துளையில் காட்டிய பிறகுதான் திருகைத் திருப்பினாள். குப்பென்று நீலச்சுடர் வரிசையாக ஓடியபோது நாங்கள் கை தட்டினோம். சூடான கண்ணாடியைப் பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதென்று சித்தி தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும் என்றாள். வேடிக்கை பார்க்க 'நைலக்ஸ்' சேலையில் வந்த பெண்களை, "தீப் பக்கம் இது ஆகாது, நூல் சேலை கட்டிட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவர்களும் கோபித்துக்கொள்ளாமல் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு, கையோடு ஆளுக்கொரு பாத்திரத்தில் கேக் மாவும் கொண்டு வந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் சமையலறையில் நிற்க இடமில்லை. டவுணில் வெண்ணெய் வாங்கி வரச் சித்தி போயிருந்தாள். முதல் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு யாரோ கதவை ஓங்கிச் சாத்தினார்கள். அந்தக் காற்றில் உள்ளே சுடர் அணைந்தது யாருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் கரண்டும் போய், ஓவனுக்குள் எதுவும் தெரியாமல் மங்கிவிட்டது. பட்டையும் கிராம்பும் கலந்த மணத்தில் வேறு எந்த வாடையும் உறைக்கவில்லை. "என்ன டீச்சர், கேக்கு எந்திரிச்சிட்டான்னு ஒண்ணுந் தெரியலியே" என்றபடி பக்கத்து வீட்டு அற்புதம் அக்கா குனிந்து, வெளிச்சத்துக்காகத் தீப்பெட்டியில் குச்சியை உரசப் போனாள்.

அந்த நொடியில்தான் அம்மாவின் மூக்கில் கேஸ் வாடை ஏறியிருக்கிறது. பாய்ந்து அற்புதம் அக்காவின் கையைப் பிடித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கினாள். ஒரே வீச்சில் ஓவனின் திருகை மூடினாள், சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருப்பினாள். "எல்லாரும் பிள்ளைகளக் கூட்டிட்டுப் பின்வாசல் வழியா வெளிய போங்க! சன்னலத் தொறங்க! ஒருத்தரும் சுவிட்சத் தொடப்பிடாது!" வகுப்பறையில்கூட அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஏட்டி, அப்பாட்ட ஓடு. கரண்டு வாறதுக்குள்ள வராந்தாவுல மெயின அமத்தச் சொல்லு!"

விளக்கும் ஃபேனும் போட்டபடி கிடந்தன. கரண்ட் வந்தால் எதில் பொறி பறக்குமோ தெரியாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முன்வாசலில் ஏணிமேல் நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து "மெயினு! கேஸு!" என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. அவர் காகித நட்சத்திரத்தை அப்படியே கைவிட்டுக் குதித்து, வராந்தா பலகையில் மெயின் சுவிட்சை இறக்கினார். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ரேடியோ பாட ஆரம்பித்தது. தெருவில் பிள்ளைகள் "ஏ... கரண்டு வந்துட்டு!" என்று கூவினார்கள். எங்கள் வீடு மட்டும் கரண்ட் இல்லாமலே நின்றது. அப்பா என் தலையில் கை வைத்தார்.

சித்தி வரும்வரை எல்லாரும் புழக்கடையில் முருங்கை மரத்தடியில் நின்றோம். கேஸ் தரையோடு படிந்து கிடக்கும் என்று சொல்லி, அவள் ஈரத் துண்டை வீசி வீசி அதை வெளியே தள்ளினாள். குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். நெடுநேரம் போய், வாடை துளிகூட இல்லை என்று ஆனதும், தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே கிளம்பினாள். ஆனால் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். "இங்கன தா. நானே பத்த வைக்கேன்."

குச்சி முதலில், திருகு பிறகு. நீலச்சுடர் வரிசையாக ஓடியது. அம்மா கதவைப் பையச் சாத்திவிட்டு, சுடர் நிற்கிறதா என்று மறுபடி குனிந்து பார்த்தாள். அற்புதம் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். காத்திருந்த மாவு சோர்ந்துபோனதால் முதல் தட்டு கேக்குகள் நடுவில் குழிந்துதான் வந்தன. ஆனாலும் அதைப்போல ருசியான கேக்கை நான் தின்றதில்லை. அன்று மாலை பாட்டுப் பாடி வந்த குழுவுக்கு அதையே வெட்டிக் கொடுத்தோம். ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். போனில் சொன்னால் கேக் டப்பாவில் வந்து இறங்குகிறது; மாவுப் பாத்திரத்தோடு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. என் வீட்டு அடுப்பில் சுடர் அணைந்தால் கேஸ் தானாகவே நின்றுவிடும், பயமில்லை. போன டிசம்பரில் கேக் வைத்துவிட்டு, கண்ணாடி வழியே அது மெல்ல உப்பி எழுவதைப் பார்த்ததும், என்னையறியாமல் "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டுவிட்டேன். சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.