கிழவருக்கு நான் சொன்ன வானிலை

அந்த வேலைக்கு நான் ஒரே ஒரு பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். பலெர்மோ நகரில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்குக் காது அறவே கேட்காது. சுவாசப்பை பழுது. எழுந்து நடக்க ஒரு ஆள் பிடிக்க வேண்டும். பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்த அவருடைய மகள் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். தொலைக்காட்சியில் சொல்வதை நீதான் கேட்டு அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், உனக்கு இத்தாலியன் விளங்குமா? பலெர்மோவுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. விளங்கும் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை.

செய்திகளைக் கிழவர் பொருட்படுத்துவதில்லை. எல்லாரும் கள்ளர் என்று கையை உதறுவார். செய்தி முடிந்து வரும் வானிலைதான் அவருக்கு வேண்டும். மறுநாள் காலையில் பல்கனியில் இருக்கலாமா கூடாதா என்பதில்தான் அவருடைய சந்தோசம் முழுவதும் தங்கியிருந்தது. கண் மங்கல், வரைபடம் தெரியாது. அதனால் நான் கையால் சொல்வேன். விரல்களை விரித்தால் வெயில், மேசையில் தட்டினால் மழை, வாயால் ஊதினால் காற்று. அறிவிப்பாளர் பேசுவதில் ஒரு இழவும் எனக்கு விளங்காது. வரைபடத்தில் இருக்கும் படங்களைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வசந்தம் முழுவதும் ஒன்றும் பிசகவில்லை. கெட்டிக்காரன் என்று மகளிடம் என்னை மெச்சினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ஜூலையில் ஒரு மாலை, அறிவிப்பாளர் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். தீவு முழுவதும் சூரியன்கள். கீழே, தெற்குக் கடலில் இருந்து சிவப்பு அம்புகள். கடைசியில் மலைகளைக் கையால் சுற்றிக் காட்டி என்னவோ சொன்னார். அதற்கு வரைபடத்தில் படம் இல்லை.

எனக்குத் தெரிந்த தெற்குக் காற்று யாழ்ப்பாணத்துச் சோளகம் ஒன்றுதான். வெக்கைக்கு அது வந்தால் உடம்பு குளிரும். விரல்களை விரித்துவிட்டு, கன்னம் உப்ப ஊதினேன்.

“கடல் காற்றா?” என்று கிழவர் ஆசையோடு கேட்டார்.

அம்பு கடலில் இருந்துதானே வந்தது. தலையாட்டினேன். பலெர்மோவுக்குக் குளிர்ந்த காற்றுத் தரும் கடல் வடக்கே இருப்பது என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் இலைகூட அசையவில்லை. கிழவரைப் பல்கனி நாற்காலியில் இருத்தி, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன். அங்கே, கீழ் வீட்டில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை நின்றார்.

“தம்பி, கிழவரை எங்கை விட்டிட்டு வந்தனீ?”

“பல்கனியிலை இருக்கிறார் அண்ணை.”

“உனக்கென்ன விசரே? நேற்று ரிவியிலை படிச்சுப் படிச்சுச் சொன்னவங்கள். ஆப்பிரிக்காவிலை இருந்து சிரோக்கோ எண்ட அனல் காத்து வருது, மலையெல்லாம் எரியுது, புகை இஞ்சாலை இறங்கும், கதவு சன்னலைப் பூட்டுங்கோ எண்டு. நீ கேக்கேல்லையே?”

நான் நிமிர்ந்து பார்த்தபோது வானம் பழுப்பாகியிருந்தது. அடுப்பு வாயைத் திறந்ததுபோல் ஒரு காற்று முகத்தில் அடித்தது. மரக்கறியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கிழவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். எழும்ப முயன்றிருக்க வேண்டும். தண்ணீர்க் குவளை உடைந்திருந்தது. வெள்ளைத் தலைமயிரிலும் மடியிலும் சாம்பல். கூப்பிட்டிருப்பார். யாரும் உள்ளே வர முடியாதபடி வாசல் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனவன் நான்.

ஆஸ்பத்திரிக்கு மகள் பறந்தடித்துக்கொண்டு வந்தாள். தகப்பனின் காதருகே குனிந்து கத்தினாள். கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, சுவரில் இருந்த தொலைக்காட்சியையும் என் வாயையும் கையால் காட்டி, சொன்னாயா என்று கேட்டாள்.

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் மாட்டியிருந்த ஒட்சிசன் முகமூடியை ஒரு பக்கம் தள்ளினார்.

“அவன் சொன்னான். நான்தான் பிடிவாதமாக வெளியில் இருந்தேன்.”

இத்தாலியனில் முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல்வரை எனக்கு விளங்கிய முதல் பேச்சு அதுதான். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்பது அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று இன்றுவரை தெரியாது. நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவை நன்றாகப் பார்த்தாய், எல்லாம் ஒழுங்காகச் சொன்னாய் என்றாள்.

நான் தலையாட்டினேன்.