ஏழு தலைமுறை விதி

“எந்திரிங்க, ரெண்டு பேரும் எந்திரிங்க. அஞ்சாவது பாட்டன் ஒரே ஆளு.”

குழிகளில் கற்களை நிரப்பி முடித்திருந்த இருவரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். அட்பாஷி ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சகினாலி நோட்டில் அந்த ஜோடியை அடித்தார். காலையிலிருந்து இது ஆறாவது அடித்தல்.

ஒன்பது குழி ஆட்டப் போட்டிக்கு ஜோடி சேர்ப்பது பன்னிரண்டு வருடமாக அவர் வேலை. ஒரே புள்ளி எடுத்தவர்கள் தங்களுக்குள் மோத வேண்டும். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. இவ்வளவுதான். போன வருடம் அவருடைய மச்சான் பெய்ஷெனாலிக்கு எதிரே மச்சானின் சித்தப்பா மகனே வந்து உட்கார்ந்தான். ஆட்டத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். ஊரே வாத்தியாரைப் பார்த்தது. இந்த வருடம் ஒரு புகார் வந்தாலும் நோட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் கமிட்டித் தலைவர் சொல்லியிருந்தார்.

அதனால் சகினாலி புது விதி எழுதினார்: ஏழு தலைமுறைக்குள் பங்காளியானவர்கள் மோதக் கூடாது. ஏழு தலைமுறைப் பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை என்பது ஊர் வழக்கம்; கல்யாணத்துக்குப் பார்ப்பது ஆட்டத்துக்கும் ஆகும் என்று நினைத்தார்.

பதினாறு பேரில் யாரோடும் மோதக்கூடிய ஒரே ஆள், அங்கே யாருக்கும் பங்காளி ஆகாத துங்கான் இனத்து இஸ்மார். சந்தையில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்பவர். ஆட்டம் சுமார்.

“வாத்தியாரே, எனக்கு இஸ்மாரைப் போடு.”

“போன வருஷமும் உனக்குத்தானே? எனக்குப் போடுங்க.”

“எல்லாரோடயும் நானே ஆடறேன்,” என்றார் இஸ்மார். “கடையில யாராவது போய் உக்காருங்க.”

எப்படியோ மூன்று சுற்று முடிந்தது. மூன்றிலும் ஜெயித்தவர்கள் இரண்டே பேர்: பெய்ஷெனாலி, கால்நடை வைத்தியர் தோக்துர்பெக். கடைசிச் சுற்றில் ஜெயிப்பவர் நாரின் மாகாணப் போட்டிக்குப் போகலாம். வைத்தியர் டீ குடிக்க வெளியே போன நேரம் பார்த்து பெய்ஷெனாலி வந்து குனிந்தான்.

“மாப்ளே, எங்க ஏழாவது பாட்டன் குல்டாய். வைத்தியருக்கும் அதே குல்டாய்தான். நாங்க மோதக் கூடாது.”

“நெசமாவா மச்சான்?”

“பாட்டன் விஷயத்துல பொய் சொல்வேனா? இஸ்மாரைப் போட்டுடு.”

மறுபடியும் மச்சான், மறுபடியும் லேசான எதிராளி. ஆனால் விதி அவர் எழுதிய விதி. “இருவரும் பங்காளிகள்” என்று நோட்டில் எழுதி நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க மச்சான். சுவத்துல ஒட்டணும்.”

டீக்கெட்டிலோடு வந்த அவர் மனைவி அய்ம்கான் எட்டிப் படித்தாள். பெய்ஷெனாலி அவளுக்குக் கூடப் பிறந்தவன்.

“அண்ணே, முந்தாநாள்தானே வைத்தியர் வீட்டுல வந்து உன் பொண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ணினாங்க? பங்காளி வீட்டுலயா பொண்ணு குடுக்கறே?”

கூடத்தில் கல் விழும் சத்தம் நின்றது.

வாயைத் துடைத்துக்கொண்டே தோக்துர்பெக் உள்ளே வந்தார். “என்ன சம்பந்தி, ஆரம்பிக்கலாமா?”

பெய்ஷெனாலி பேனாவைக் கீழே வைத்தான். “குல்டாய்னு ரெண்டு பேரு இருந்தாங்க மாப்ளே. இப்பத்தான் ஞாபகம் வருது. அடிச்சுடு.”

சகினாலி ஏழாவது முறையாக அடித்தார். அரைமணி நேரத்தில் பெய்ஷெனாலி தோற்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. கமிட்டித் தலைவருக்கு ஒரே ஒரு புகார் வந்தது. எழுதியவன் பெய்ஷெனாலி: நடுவர் சொந்தம் என்றும் பாராமல் தன்னைக் கெட்டிக்கார ஆட்டக்காரரோடு மோதவிட்டார். தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, நோட்டு வாத்தியாரிடமே இருக்கட்டும் என்றார். சகினாலி ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினார். இஸ்மார் வழக்கம்போலக் கடை திறந்தார்.