துட்டி வீட்டில் நான் சொல்லாதது

எனக்கு வாய் அடங்காது. ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருடமும் கிராம சபையில் என்னோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் யாருமில்லை. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் அடி வாங்கினேன்.

எங்கள் ஊர் தாயில்பட்டிப் பக்கம். டமாரென்று சத்தம் கேட்டால் முதலில் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் திசையைத்தான் பார்ப்போம். அன்று சத்தம் எங்கள் குப்பைக் கிடங்கிலிருந்து வந்தது. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், குப்பையைக் கொளுத்திவிடு என்று துப்புரவு ஆளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். எந்தப் புண்ணியவானோ பட்டாசுக் கம்பெனியின் கழிவு வெடிமருந்தைச் சாக்கில் கட்டி அதற்குள் போட்டிருக்கிறான். இந்த ஊரில் அப்படிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கிளறிப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து மொபெட்டில் வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த இடத்தைக் கடக்கும்போது வெடித்தது. பதினாறு வருடம் மருந்து கலக்கும் அறையில் ஒரு கீறல் படாமல் வேலை பார்த்த மனுசர். ஓடிப் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு பக்கம் இல்லை. வேப்பமரத்தில் அவர் சட்டைத் துணி எரிந்துகொண்டு தொங்கியது.

ஊராட்சிக்கு ஒரு காப்பீடு இருந்தது. எங்கள் தவறால் வெளியாளுக்கு உயிர்ச்சேதம் வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுக்கும். நான்தான் சண்டை போட்டு எடுக்க வைத்திருந்தேன். செத்தவர் வீட்டுக்குத் துட்டி கேட்கக் கிளம்பியபோது எங்கள் செயலர் அந்தப் பத்திரத்தோடு வந்து மறித்தார்.

"தலைவரம்மா, கம்பெனியக் கேக்காம நாம தப்ப ஒத்துக்கிட்டா இழப்பீடு கிடையாதுன்னு இதுல போட்டிருக்கு. அங்கன எல்லாப் பயலும் செல்போனும் கையுமா நிப்பான். தயவுசெஞ்சு வாயத் திறக்காதீக."

"அடப்பாவி! துட்டி வீட்டுல போயி ஊமையா உக்காரச் சொல்றீகளா?"

"செத்தவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கும்மா. அதுகள நெனச்சுப் பாருங்க."

போனேன். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் மனைவியைக் கட்டிக்கொண்டேன். வாய்விட்டு அழுதால் வார்த்தை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அக்கா, தீ வைக்கச் சொன்னது நீங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு!" என்று கத்தினான் அவள் கொழுந்தன். முதல் உதை முதுகில் விழுந்தது. பெண்கள் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி என் தோளில் உடைந்தது. கம்மலோடு காது கிழிந்தது. எவளோ மண்ணை அள்ளி வாயில் திணித்தாள். எனக்கும் ரத்தம் கொதித்தது. திருப்பி அடிக்கக் கையை ஓங்கி, அப்படியே கீழே போட்டேன். போலீஸ் வந்துதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அவ்வளவு அடியிலும் அவர் மனைவி மட்டும் என்னைத் தொடவில்லை.

மறு வருடம் விருதுநகரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் சமரசப் பத்திரம். இழப்பீடு கொடுப்பதால் ஊராட்சி மேல் தவறு என்று ஆகாது என அதிகாரி வாசித்தார்.

"அப்ப யாரு மேலயும் தப்பில்லன்னு நான் கையெழுத்துப் போடணுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா."

பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தாள். போட்டாள்.

வெளியே படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"இனிமே எம்பிள்ளைகளுக்கு வர்ற பணம் நிக்காதுல்ல?"

"நிக்காது."

"அப்பச் சொல்லுங்கக்கா."

"நான்தாம்மா கொளுத்தச் சொன்னேன். மருந்துச் சாக்கு கெடக்கும்னு தெரியும். பாக்கச் சொல்லல. என் தப்புத்தான்."

ஓங்கி ஓர் அறை விட்டாள். கிழிந்து தைத்த காதில் விழுந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். துட்டி வீட்டில் அழாததையெல்லாம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.