ஒரு நூல் இறக்கு

நான் முகக் கம்பி வரைகிறவள். கிரிக்கெட் ஹெல்மெட்டின் முன்னால் இருக்கிற கிரில்லைத்தான் சொல்கிறேன். யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் இதைச் சொன்னால், "ஓ, வெல்டிங்கா?" என்பார்கள். வெல்டிங் செய்கிறவர் வேறு. எந்தக் கம்பி எங்கே வர வேண்டும், எவ்வளவு வளைய வேண்டும், நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று முடிவு செய்வது நான். திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால் எங்கள் கம்பெனி இருக்கிறது. சின்ன கம்பெனிதான். வாசலில் போர்டுகூட ஒழுங்காகத் தெரியாது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களுக்குக் கம்பி வரைந்தாயிற்று. ஆனால் நான் வரைவதெல்லாம் ஒரே ஒரு முகத்துக்காகத்தான் என்று சொன்னால் கம்பெனியில் சிரிப்பார்கள். அது என் சிநேகிதியின் முகம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், நான் செய்த கம்பிக்குப் பின்னால் அவள் முகத்தை நம்பி வைத்தாள். அதில்தான் அடிபட்டாள். இன்னொரு முறை வைப்பாளா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

இரண்டு பேரும் ராயபுரம். கோயில் மணி கேட்கிற தூரத்தில் என் வீடு. அவள் வீடு காசிமேட்டுப் பக்கம். அவள் அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். காலையில் அம்மாவின் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அதே கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே மைதானத்துக்கு வந்துவிடுவாள். மட்டைப் பிடியில் மீன் வாடை அடிக்கும்.

"கலீஜா கீது மே, கழுவிட்டு வரக் கூடாதா?" என்பேன்.

"நீ ஒழுங்கா பந்த போடு. வாசன தானா பூடும்" என்பாள்.

நான் வேகப்பந்து போடுவேன், அவள் அடிப்பாள். மைதானத்தில் பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். அதில் என் பந்தைப் பயப்படாமல் முன்காலில் வந்து அடித்தவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவள் மீது எனக்கு ஆத்திரமும் ஆசையும் ஒன்றாக இருந்தன. இன்றைக்கும் வஞ்சிரம் வெட்டுகிற கடையைக் கடந்தால் எனக்கு மீன் ஞாபகம் வருவதில்லை. அந்த மட்டைதான் வருகிறது. நின்றுவிடுவேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார், வேண்டாததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

என் அப்பாவுக்கு ஜன்னல் கிரில் பட்டறை. எங்கள் ஊர்க் காற்று இரும்புக்கு ஆகாது. எண்ணூர் வரைக்கும் கடலோரத்து வீடுகளில் இன்று மாட்டிய கிரில் இரண்டு மழைக்குள் துருப்பிடித்துவிடும். அதனால் அப்பாவுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. பட்டறையில் மில்லிமீட்டர் பேச்சே கிடையாது. அங்குலம், அதற்குக் கீழே நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். பள்ளி விட்டதும் அவளும் என்னோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்து உட்கார்ந்து அந்த அளவைப் பிடித்துக்கொண்டாள். தையல் கடையில் போய், "கைய ரெண்டு நூல் குறைங்கண்ணா" என்று சொல்லி டெய்லரை முழிக்க வைத்தவள் அவள்.

எங்களுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அவளுக்கு யாரோ கொடுத்த பழைய ஹெல்மெட் ஒன்று இருந்தது. ஓடு நன்றாகத்தான் இருந்தது, கிரில் துருப்பிடித்து ஒரு பக்கம் விட்டிருந்தது. நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முதலில் போகும், புத்தி பின்னாலே வரும்.

முகக் கம்பியில் சண்டையே ஒரு இடத்தில்தான். ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. ஆடுகிறவள் அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பந்தும் அந்த வழியாகத்தான் உள்ளே வரப் பார்க்கும். நான் முதலில் இரண்டரை அங்குலம் வைத்தேன். அவள் மாட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்று, வராத பந்துக்கு இரண்டு மூன்று முறை மட்டையை வீசினாள்.

"கம்பி கண்ண மறைக்குது மே. ஒரு நூல் இறக்கு."

இறக்கினேன். இடைவெளி ஒரு நூல் கூடியது. மறுபடி மாட்டினாள்.

"இன்னொரு நூல் இறக்கேன்."

அதையும் இறக்கினேன். கழுத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். "இப்போ சூப்பரா கீது. உன் மூஞ்சி முழுசா தெரிது. அதான் கஷ்டமா கீது" என்றாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு முடி நீளம். பின்னல் பக்கவாட்டில் கம்பி முனையில் மாட்டிக்கொண்டு இழுக்கும். அப்பா ஜன்னல் கிரில்லில் புடவை கிழியக் கூடாது என்று முனையை உள்பக்கமாகச் சுருட்டி விடுவார். அதே மாதிரி நானும் அவள் கம்பியின் இரண்டு முனைகளையும் சுருட்டி விட்டேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை. அப்பாவே கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஜன்னலுக்கு செய்றத வுட மூஞ்சிக்கு நல்லா செய்ற" என்றார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கிரில் முடிந்ததும் கையை மூடி, முஷ்டியை இடைவெளியில் விட்டுப் பார்ப்பார்கள். முட்டி நின்றால் சரி, திருடன் கை நுழையாது. நானும் அதையே செய்தேன். முஷ்டிக்குப் பதில் பந்து. மைதானத்துப் பழைய பந்து ஒன்றை அந்த இடைவெளியில் வைத்து என் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். போகவில்லை. அவளும் அழுத்தினாள். போகவில்லை. முடிந்தது என்று பெயின்ட் அடித்தேன்.

எங்களுக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் ஆண்கள் அடித்து முடித்துத் தூக்கிப் போட்ட பந்துகள். பெண்கள் ஆடுகிற பந்து அதைவிடக் கொஞ்சம் சின்னது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பந்து என்றால் பந்துதான் என்று இருந்தோம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சி கொடுக்கிறவர் ஒரு புதுப் பெட்டியைத் திறந்து என் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார். எனக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல விரலுக்குள் அடங்கியது. இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தார்கள் என்று சந்தோஷமாக ஓடி வந்து போட்டேன்.

நாலாவது பந்து குத்தி எழும்பியது. அவள் வழக்கம்போல முன்காலில் வந்தாள். கம்பியில் பட்ட சத்தம் கேட்டது. பட்டு வெளியே வரவில்லை. அவள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பந்து கம்பிக்கு உள்ளே, அவள் கன்னத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் இருந்தது.

கம்பி வளைத்ததும் நான், பந்து போட்டதும் நான். இதில் பங்கு கேட்க வேறு யாரும் இல்லை.

கன்ன எலும்பு உடைந்தது. இடது கண்ணில் பார்வை பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். முகமெல்லாம் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே. என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. "உன் மூஞ்சி பாதிதான் தெரிது மே. இப்போ பரவால்ல" என்றாள். சிரித்ததில் வலித்து முனகினாள். அவள் அம்மா என் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார்.

"நீ இப்போ வராத கண்ணு. உன்ன பாத்தா சிரிக்கிறா. சிரிச்சா தையலு பிரியுது. தையல் எடுத்தப்புறம் வா."

அவர் சொன்னது அவ்வளவுதான். அதில் கோபம் துளியும் இல்லை. ஆனால் எனக்கு 'வராதே' என்பது மட்டும் காதில் நின்றது. பின்பாதியை நான் வேண்டுமென்றே மறந்தேன் என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அது வசதியாக இருந்தது. தையல் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். போகவில்லை. காசிமேட்டுப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்தேன். எதிரில் கூடை சுமந்த பெண்கள் வந்தால் அவள் அம்மாவோ என்று தலையைக் குனிந்தேன். ஒருநாள் அப்பா, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாயி தூத்துக்குடிக்குப் பூட்டாளாம். உன்னதான் கேட்டுகினு இருந்தாளாம்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இருக்கிற ஏக்கத்துக்கு எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் எனக்கும் வந்தன. இருந்தாலும் ஏதாவது நல்லது நடந்தால் சொல்ல வாய் திறந்து, அவள் இல்லை என்று மூடிக்கொள்வேன். மைதானத்தின் மதில் ஓரமாகப் போனால் பந்து மட்டையில் பட்ட சத்தத்தைக் கேட்டே அது அவள் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான். கம்பெனியில் சோதனைக்கு ஒரு பொம்மைத் தலை இருக்கிறது. மூக்கு உண்டு, கண் கிடையாது. அடி வாங்கியும் பேசாமல் இருப்பதால் அதற்குத் 'தலைவர்' என்று பெயர். தலைவருக்கு ஹெல்மெட் மாட்டி, பந்தில் சாக்பீஸ் பொடி தடவி, மெஷினில் வைத்து முகத்தைப் பார்த்து அடிப்போம். பந்து உள்ளே போகாமல் இருந்தால் போதாது. கம்பி உள்வாங்கி முகத்தைத் தொட்டாலும் தோல்விதான். அடித்து முடித்ததும், தலைவர் முகத்தில் வெள்ளை பட்டிருக்கிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நான் மட்டும் கடைசியில்தான் போய்ப் பார்ப்பேன். பந்துப் பெட்டி மூன்று வைக்கச் சொன்னதும் நான்தான்: ஆண்கள், பெண்கள், சின்னப் பிள்ளைகள். ஒரு பெட்டி போதுமே என்ற மேனேஜரிடம் நான் கத்திய கத்தலில் லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முனையைச் சுருட்டுவதும் அப்படித்தான். வேலை கூடுகிறது என்றார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் இருக்கிறது ஐயா, மாட்டும் என்றேன். அதற்கும் கத்த வேண்டியிருந்தது.

போன மாதம் ஆர்டர் பார்க்கிற தம்பி போனைக் கொண்டுவந்து நீட்டினான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். "அக்கா, தூத்துக்குடியில ஒரு கேர்ள்ஸ் டீம். சாம்பிள் அனுப்பியிருந்தோம்ல. ஏதோ கேக்கறாங்க, இது என்ன அளவுன்னு தெரியல" என்றான்.

கம்பெனியின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி இருந்தது.

'மேல் கம்பி கண்ண மறைக்குது. ஒரு நூல் இறக்க முடியுமா.'

போனைப் பிடுங்கி இன்னொரு முறை படித்தேன். கிரிக்கெட் ஆடுகிற யாரும் நூலில் அளவு கேட்க மாட்டார்கள். உலகத்தில் ஒருத்திதான் கேட்பாள்.

எண்ணைக் குறித்துக்கொண்டேன். பதில் எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மன்னிப்பு என்று தொடங்கி அழித்தேன். எப்படி இருக்கிறாய் என்று எழுதி அழித்தேன். அழைத்துப் பார்க்கலாம் என்று எண்ணை எடுத்து வைத்துவிட்டுப் பயந்து மூடினேன். அவள் கேட்டது ஒரு நூல். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. அன்று வாசலில் நின்று அவள் கேட்டபோது சொல்லாமல் விட்ட பதில். சாயங்காலம் பஸ் வருவதற்குள் என் போனிலிருந்து அனுப்பினேன்.

'முடியாது. நீ கேட்டாலும் முடியாது. அரை நூல்கூட முடியாது.'

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பஸ் வந்தது, ஏறினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசலில் பஸ் நின்றபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்தேன். பின்னால் பெண்பிள்ளைகள் கத்துவதும் மட்டையில் பந்து படுவதும் கேட்டன. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்.

"சுருட்டின முனைய பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி மே, இது உன் வேலைன்னு. புள்ளைங்களுக்கு முடி மாட்டவே இல்ல. ஒரு நூல்னு சும்மாதான் கேட்டேன், இப்பவாச்சும் மாட்டேன்னு சொல்றியான்னு பாக்க. சரி, எழுதிக்கோ. புள்ளைங்களுக்குப் பதினாலு. எனக்கு ஒண்ணு. நான்தான் அதுங்களுக்கு ஆடிக் காட்றேன். பார்சல்ல அனுப்பாத. நீயே எடுத்துகினு வா." பிள்ளைகளிடம் ஏதோ கத்திவிட்டுத் திரும்பி வந்தாள். "தையல் எடுத்து எவ்ளோ வருஷமாச்சி தெரியுமா உனக்கு?"